குவாரி குன்றின் பின்பக்கம் போகிறதாமே? ஊரில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே செம்மோருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நடுவில் இருக்கிற தோட்டத்து ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரு சுண்ணாம்புக் குன்று, அதன் முன்பக்கத்தில் பல வருடமாக ஓடும் கல் குவாரி. இப்போது பின்பக்கத்துக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். நான் வனவிலங்குக் கணக்கெடுப்புக் குழுக்களோடு உதவிக்குப் போகிறவன்: கேமரா கட்டுவது, வலை தூக்குவது, மண் சலிப்பது மாதிரி வேலைகள். அதனால் சாப்பாட்டுக் கடையிலும் கோயில் கூட்டத்திலும் வாட்ஸ்அப்பிலும் எல்லோரும் என்னைத்தான் பிடிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதான் மொத்தமாக எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"இ.ஐ.ஏ. இ.ஐ.ஏ.ன்னு எல்லாரும் பேசுறாங்க, அது என்னதான் தம்பி?"

சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு. வேலையைத் தொடங்கும் முன்பே நிலம், தண்ணீர், காற்று, உயிர்கள், மனிதர்கள் இவற்றுக்கு என்ன ஆகும் என்று கணித்து, அதைக் குறைக்க என்ன செய்யப் போகிறோம் என்றும் எழுதித் தருகிற அறிக்கை. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவு இதைக் கேட்கிறது. அறிக்கைக்கு ஒப்புதல் கிடைக்கும்வரை வேலையைத் தொடங்கக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. எந்தெந்த வேலைக்கு இது தேவை என்ற முதல் பட்டியல் 1987ல் வந்தது, இப்போது நடப்பில் இருப்பது 2015ஆம் ஆண்டு ஆணை.

அந்த 2015 ஆணையில் இரண்டு அட்டவணைகள் உண்டு. இரண்டாம் அட்டவணையில் வரும் வேலை என்றால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். ஆகவே யாராவது "இ.ஐ.ஏ. முடிந்துவிட்டது" என்று சொன்னால் முதலில் எந்த அட்டவணை என்று கேளுங்கள். வனவிலங்கு அதில் ஒரு பகுதிதான், பல அறிக்கைகளில் மெலிந்த பகுதி. வீட்டுச் சுவர் விரிசல், லாரி, தூசி பற்றிக் கேட்க ஊரில் ஆள் நிறைய உண்டு. அதனால் இங்கே நான் பேசுவது குன்றில் இருக்கும் உயிர்களைப் பற்றி மட்டும்.

"ஏற்கனவே உடைச்சிக்கிட்டு இருக்கிற குவாரிதானே, இன்னும் கொஞ்சம் உள்ள போறதுக்கு எதுக்குப் புதுசா ஆய்வு?"

முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இல்லை. முன்பக்கம் வெயில் அடிக்கிற வெறும் பாறை. பின்பக்கத்தில் நிழல், ஈரம், அடிவாரத்தில் சின்ன ஓடை, மூன்று நான்கு குகை வாய்கள். அங்கே இருப்பது வேறு கூட்டம். முன்பக்கத்துக்கு எப்போதோ செய்த ஆய்வை இதற்கும் சேர்த்துக்கொள்ள முடியாது.

இன்னொரு சங்கதி இருக்கிறது, இதைத்தான் விரிவாக்க விண்ணப்பங்களில் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் "மீதி இருப்பதில் இத்தனை சதவீதம்தான் எடுக்கிறோம்" என்று கணக்குக் காட்டுவார்கள். மீதியே பாதிக் குன்று என்றால்? முதலில் இருந்த குன்றில் இதுவரை போனது எவ்வளவு, இந்த விரிவாக்கத்துக்குப் பிறகு மிஞ்சப் போவது எவ்வளவு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் வேறு குவாரி இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். முன்பக்கத்தை உடைத்தபோது அங்கிருந்து விரட்டப்பட்ட குரங்கும் வௌவாலும் பின்பக்கத்துக்குத்தான் வந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

"அந்தக் கல்மலையில குரங்கையும் வௌவாலையும் தவிர என்ன இருக்கு? புலியா இருக்கு?"

புலி இல்லை. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி தீபகற்பம் முழுவதிலுமே 150க்கும் குறைவான புலிகள்தான் மிச்சம், அவை பெருங்காடுகளில் இருக்கின்றன. செம்பனைக்கு நடுவில் நிற்கும் ஒற்றைக் குன்றில் புலியைத் தேடினால் நிச்சயம் கிடைக்காது. "பெரிய வனவிலங்கு எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவதும் அதனால்தான் சுலபமாகிறது.

சுண்ணாம்புக் குன்றில் தேட வேண்டியது வேறு. கம்பிங் குரூன் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மலையாடு செங்குத்துப் பாறையில் ஏறக்கூடியது, சட்டப்படி முழுப் பாதுகாப்புப் பெற்றது. லோத்தோங் குரங்கு, பாறைப் பல்லிகள், குகை வௌவால்கள், உழவாரக் குருவிகள், பாறை வெடிப்பில் மட்டும் வேர் விடும் செடிகள், அப்புறம் நத்தைகள். தீபகற்பத்தில் இப்படிப்பட்ட குன்றுகள் நானூறுக்கும் மேல் உண்டு. ஒவ்வொன்றும் கடலுக்கு நடுவில் இருக்கும் தீவு மாதிரி. இங்கே வாழும் பூச்சியோ நத்தையோ இடையிலுள்ள மண் தரையைக் கடந்து அடுத்த குன்றுக்குப் போக முடியாமல் காலங்காலமாகத் தனியே வளர்ந்து தனி இனமாகிவிட்டிருக்கும்.

"நத்தைக்காகவா வேலையை நிறுத்தச் சொல்றீங்க?"

இது சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வி, ஆனால் விவகாரத்தின் மையமே இதுதான். பகாங்கில் குவாந்தான் பக்கம் புக்கிட் பாஞ்சிங் என்று ஒரு சுண்ணாம்புக் குன்று இருந்தது. பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம் என்ற குட்டி நத்தை உலகத்திலேயே அந்த ஒரு குன்றில்தான் இருந்தது. குன்றைக் குவாரி தரைமட்டமாக்கியது, நத்தையும் பூமியிலிருந்தே போய்விட்டது. காட்டை வெட்டினால் புலி வேறு காட்டிலாவது மிச்சம் இருக்கும். இதற்கு அந்த வழியே கிடையாது.

நமக்குப் பக்கத்திலேயே செம்மோரில் குனோங் காந்தான் இருக்கிறது, அங்கே சிமெண்டுக்குக் கல் எடுக்கிறார்கள். அந்தக் குன்றின் குகையில் லிஃபிஸ்டியஸ் காந்தான் என்ற பொறிக்கதவுச் சிலந்தி இருக்கிறது, 1997ல் பெயர் வைத்தார்கள். 2014ல் அதே குன்றிலிருந்து ஒரு பல்லிக்கும் ஒரு நத்தைக்கும் புதிதாகப் பெயர் வைத்தார்கள். நத்தைக்கு வைத்த பெயர் சரோபா லஃபார்கெய், அப்போது அங்கே கல் எடுத்துக்கொண்டிருந்த லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயர்! யாருடைய வெடியால் அது அழியலாமோ அவர்கள் பெயரையே அதற்குச் சூட்டியவர்களின் குறும்பை நான் ரசிக்கிறேன். இத்தனை வருடம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த குன்றிலேயே 2014ல் புதிய இனம் கிடைக்கிறது என்றால், யாரும் மண் சலித்துப் பார்க்காத நம் குன்றைப் பற்றி "ஒன்றும் இல்லை" என்று யார் சொல்ல முடியும்?

வேலையை நிறுத்தணுமா என்றால், முழுக் குன்றையும் விட்டுவிடு என்று எல்லா இடத்திலும் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் விடச் சொல்லலாம். தெரியாமல் உடைப்பதுதான் பிரச்சினை.

"வௌவால் போனா நமக்கென்ன நட்டம்? வீட்டுல அசிங்கம் பண்ணுறதுதானே அது?"

வீட்டுக்கூரையில் தங்குவது வேறு, குகையில் தங்குவது வேறு. குகைகளில் தேன் குடிக்கும் வௌவால் ஒன்று உண்டு, இயோனிக்டெரிஸ் ஸ்பெலேயா என்பார்கள். டுரியான் பூவும் பெத்தாய் மரத்துப் பூவும் மாலையிலும் இரவிலும்தான் தேன் சுரக்கும், அந்தப் பூக்களில் மகரந்தத்தைச் சேர்ப்பதில் இந்த வௌவாலுக்குப் பெரிய பங்கு. ஒரே இரவில் வெகுதூரம் பறந்து மேய்ந்துவிட்டு விடியும் முன் குகைக்குத் திரும்பிவிடும். குன்றிலிருந்து பல மைல் தள்ளி இருக்கும் டுரியான் தோப்புக்காரர் இந்தக் குவாரிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார், ஆனால் அவர் காய்ப்பு இந்தக் குகையோடு கட்டப்பட்டிருக்கிறது. பூச்சி தின்னும் வௌவால்கள் வேறு இருக்கின்றன, அவை வயல் பூச்சியையும் தோட்டத்துப் பூச்சியையும் குறைக்கின்றன.

சரி, அறிக்கையில் என்ன தேட வேண்டும்? "வௌவால் இருக்கிறது" என்று எழுதினால் போதாது. எந்த இனம், எந்தக் குகையில், சுமாராக எத்தனை, குட்டி போடும் காலமா, அந்தக் குகை விரிவாக்க எல்லையிலிருந்து எவ்வளவு தூரம். தேன் வௌவால் தங்கும் குகை எல்லா இடத்திலும் அமைவதில்லை. கிடைக்கிற ஒரு பெரிய குகையை இழந்தால் அந்தக் கூட்டத்துக்குப் போக்கிடம் கிடையாது.

"எப்படி எண்ணுறாங்க? உள்ள போயித் தலை எண்ணுவாங்களா?"

யாரும் தலை எண்ணுவதில்லை. பாலூட்டிகளுக்குத் தானியங்கிக் கேமரா, மிருகப் பாதையில் முழங்கால் உயரத்தில் மரத்தோடு கட்டுவோம், குறுக்கே ஏதாவது போனால் படம் பிடிக்கும். பறவைக்கு விடியற்காலை குறித்த பாதையில் நடந்து பார்த்ததையும் கேட்டதையும் எழுதுவார்கள். வௌவாலுக்கு மாலையில் குகை வாயில் உட்கார்ந்து வெளியே வருவதை எண்ணுவார்கள், வலை வைத்துப் பிடித்து இனம் பார்த்துத் திரும்பப் பறக்க விடுவார்கள், அதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி வேண்டும். மனிதக் காதுக்குக் கேட்காத அதன் ஒலியைப் பதிவு செய்யும் கருவியும் உண்டு.

நத்தைக்கு வேறு வேலை. பாறை அடிவாரத்தில் மண்ணும் சருகும் வாரி, சலித்து, தண்ணீரில் போட்டால் வெற்று ஓடுகள் மிதக்கும். மணல் மணி அளவு ஓட்டைக்கூடப் பூதக்கண்ணாடியில் பார்த்து இனம் பிரிப்பார்கள். மூட்டை மூட்டையாய்ச் சுமந்து முதுகு போகும், ஆனால் மிகக் குறைந்த செலவில் அதிகம் சொல்லும் ஆய்வு இதுதான். அறிக்கையில் நத்தையைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால், சுண்ணாம்புக் குன்றைத் தெரிந்தவர் அந்தக் குழுவில் இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

"மூணு நாள் வந்து பாத்துட்டுப் போனாங்க அண்ணே. அது போதுமா?"

எதைப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. பகலில் மட்டும் நடந்திருந்தால் போதாது, வௌவாலும் ஆந்தையும் பல்லியும் இரவு ஆட்கள். வறண்ட மாதத்தில் வந்திருந்தால் பாறைச் செடிகள் பல சுருங்கிக் காய்ந்து கிடக்கும், மழை பெய்து பூத்தால்தான் பெயர் சொல்ல முடியும். டுரியான் பூக்கும் காலத்தில் இருக்கும் வௌவால் நடமாட்டம் மற்ற மாதத்தில் இருக்காது.

கேமராக் கணக்கு ஒன்று சொல்கிறேன், இது எந்த அறிக்கையையும் படிக்க உதவும். பத்துக் கேமரா முப்பது இரவு இருந்தால் 300 கேமரா இரவு. மலையாடு மாதிரி அரிதானதற்கு அது ரொம்பக் குறைவு, ஆயிரக்கணக்கில் போனால்தான் "கிடைக்கவில்லை" என்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கும். இன்னொன்று, நல்ல அறிக்கையில் ஒரு வளைகோடு இருக்கும்: நாள் ஆக ஆகப் புதிதாகக் கிடைத்த இனங்களின் எண்ணிக்கை. கடைசி நாளிலும் கோடு மேலே ஏறிக்கொண்டே இருந்தால் ஆய்வை முடிக்கும் நேரம் வரவில்லை என்று அர்த்தம், யார் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி.

"வெடி வைக்கிறது அவங்க எல்லைக்குள்ளதானே, வெளியில என்ன ஆகும்?"

எல்லை என்பது நில அலுவலகத்தில் போட்ட கோடு. அதிர்வும் தூசியும் தண்ணீரும் அந்தக் கோட்டைப் பார்த்து நிற்காது. சுண்ணாம்புப் பாறைக்குள் மழைத்தண்ணீர் வெடிப்பு வழியாக இறங்கி உள்ளே ஓடுகிறது. ஒரு பக்கம் ஆழமாகத் தோண்டித் தண்ணீரை இறைத்தால் மறுபக்கத்து ஊற்று வற்றலாம். தண்ணீர் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று சாயம் கலந்து பார்க்கும் முறை இருக்கிறது, அதைச் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். குகைக்குள் நேராக வெடி வைக்கத் தேவையே இல்லை. பக்கத்துச் சுவரை உடைத்துக் காற்றும் வெளிச்சமும் நுழைந்தாலே உள்ளிருக்கும் ஈரமும் சூடும் மாறிவிடும், அதை நம்பியிருக்கும் சிலந்தியும் வௌவாலும் காலி. வௌவால் எச்சத்தை நம்பி வாழும் குகைப் பூச்சிகளும் கூடவே போகும்.

ஆகவே அறிக்கையின் ஆய்வு எல்லை, குவாரி எல்லையை விடப் பெரியதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரியது என்பது உயிருக்கு உயிர் மாறும். நத்தைக்குக் குன்று முழுவதும். வௌவாலுக்கு அது பறந்து போகும் தோப்பு வரைக்கும்.

"குன்றைச் சுத்தி செம்பனைதான். அங்க என்ன வனவிலங்கு இருக்கப் போகுது?"

காட்டோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஒளிக்க வேண்டாம். ஆனால் சும்மா கிடக்கும் நிலமும் இல்லை. எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்களே, அது பழைய பழக்கம்தானே? சிறுத்தைப்பூனை இரவில் செம்பனை வரிசையில் நடமாடும், எலி தின்னும். உடும்பு, பாம்பு, காட்டுப்பன்றி எல்லாம் நம் ஆட்களுக்குத் தெரிந்தவை.

குன்றுக்கும் தூரத்துக் காட்டுக்கும் நடுவில் செம்பனை ஒரு பாதையாகவும் இருக்கலாம், அதிலும் ஆற்றோரம் வெட்டாமல் விட்டிருக்கும் பட்டை. லோத்தோங் கூட்டம் அந்த வழியாகத்தான் வந்து போகிறது என்றால், குவாரியின் புதிய லாரிச் சாலை அதை வெட்டுமா என்பது ஒரு கேள்வி. லாரி இரவில் ஓடினால் விளக்கு, சத்தம், அடிபட்டுச் சாவது என்று அது தனிப் பட்டியல். வரைபடத்தில் சாலையைத் தேடுங்கள், பல பேர் குழியை மட்டும் பார்த்துவிட்டுச் சாலையை விட்டுவிடுகிறார்கள்.

"மிருகம் ஓடிப் போயிடும், இல்லாட்டி பிடிச்சு வேற காட்டுல விட்டுடலாமே?"

ஓடக்கூடியது ஓடும். எங்கே ஓடும் என்பதுதான் கேள்வி, ஏனென்றால் அடுத்த இடத்தில் ஏற்கனவே அதன் இனம் இருக்கும், இடத்துக்குச் சண்டை நடக்கும். இல்லாவிட்டால் லயத்துப் பக்கமும் பழத்தோட்டத்துப் பக்கமும் வரும், அப்புறம் நாமே "குரங்குத் தொல்லை" என்று பெர்ஹிலித்தானுக்குப் போன் அடிப்போம். நத்தை, சிலந்தி, பாறைச் செடி இவற்றுக்கு ஓடும் பேச்சே கிடையாது.

பிடித்து விடுவதும் நினைப்பதைவிடக் கடினம். செங்குத்துப் பாறையில் இருக்கும் மலையாட்டை யார் பிடிப்பது? பிடிக்கும்போதே அதிர்ச்சியில் சில சாகும், விட்ட இடத்தில் பிழைக்கிறதா என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். அறிக்கையில் "வனவிலங்குகள் இடமாற்றம் செய்யப்படும்" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் எந்த இனம், எந்த இடம், யார் பணம், எத்தனை வருடக் கண்காணிப்பு என்று நான்கையும் கேளுங்கள்.

"வேற இடத்துல மரம் நடுறோம், குழியைப் பிறகு ஏரியாக்கிக் குடுக்கிறோம்னு சொல்றாங்களே, நல்லதுதானே?"

ஏரி அழகாக இருக்கும், மீன் பிடிக்கலாம், ஆனால் அது குன்று ஆகாது. நடப்பட்ட மரத்தில் காட்டுப் பறவை வரலாம், சுண்ணாம்புப் பாறையை யாரும் நட முடியாது.

உலகம் முழுவதும் இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: முதலில் தவிர், முடியாவிட்டால் குறை, பிறகு சீர்படுத்து, எல்லாம் செய்தும் மிச்சமிருக்கும் இழப்புக்கு மட்டும் வேறிடத்தில் ஈடு கொடு. பல அறிக்கைகள் முதல் படியைத் தாண்டிக் குதித்து நேராகக் கடைசிப் படிக்கு வந்துவிடுகின்றன. ஒரே ஒரு குன்றில் மட்டும் இருக்கும் இனத்துக்கு வேறிடத்து ஈடு என்பது செல்லாத காசோலை, ஏன் என்று நத்தைக் கேள்வியில் சொல்லிவிட்டேன். அங்கே தவிர்ப்பது ஒன்றுதான் வழி: குழியின் எல்லையை மாற்று, குகை இருக்கும் பக்கத்தை விடு, அல்லது வேறு இடத்துக் கல்லைப் பார்.

"ரிப்போர்ட்டுல 'பாதிப்பு குறைவு'ன்னு போட்டிருக்கு. நம்பலாமா?"

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று பாருங்கள். வழக்கமாக ஒரு கட்டம் போட்டு, எவ்வளவு பரப்பு, எவ்வளவு காலம், திரும்பச் சரியாகுமா, எவ்வளவு அரிது என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகையில் ஒரு சிக்கல்: பரப்பு சின்னது, நேரம் குறைவு என்று நான்கைந்து சின்ன எண்கள் சேர்ந்து "திரும்பவே வராது" என்ற ஒரு பெரிய எண்ணை மூழ்கடித்துவிடும். நான் அந்த ஒரு நிரலை மட்டும் தனியாகப் படிப்பேன்.

இன்னொரு இடம், "தணிப்பு நடவடிக்கைக்குப் பிறகு பாதிப்பு குறைவு" என்கிற வரி. தணிப்பு என்று சொன்னது நடக்கக்கூடியதுதானா? இரவில் வெடி வைக்கமாட்டோம் என்றால் சரி, சரிபார்க்கலாம். "வனவிலங்கு விழிப்புணர்வுப் பலகை வைப்போம்" என்பதெல்லாம் என் கணக்கில் தணிப்பே கிடையாது.

"ஆய்வு பண்றவங்களுக்குக் காசு குடுக்கிறதே கம்பெனிதானே? அப்புறம் என்ன நியாயம்?"

காசு கொடுப்பது விண்ணப்பதாரர்தான், நம் நாட்டில் மட்டும் இல்லை, பல நாடுகளிலும் இதே ஏற்பாடுதான். அறிக்கை தயாரிப்பவர் சுற்றுச்சூழல் துறையில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், பொய் எழுதினால் பதிவு போகலாம். நான் பழகிய ஆய்வாளர்களில் பலர் கெட்டிக்காரர்கள், நேர்மையானவர்கள். பொய் எழுதுவதால் வரும் கெடுதலை விட, போதிய நாள் கொடுக்காமல் அனுப்புவதால் வரும் கெடுதல்தான் அதிகம். மூன்று நாள் கேள்வியில் சொன்னது இதோடு சேர்ந்தது: குறைந்த பணம், குறைந்த நாள், குறைந்த இனம், "பாதிப்பு குறைவு".

அதனால் ஆளைத் திட்டுவதை விட முறையைக் கேளுங்கள். எந்தத் தேதி, எத்தனை இரவு, யார் எந்த உயிரைப் பார்த்தார், அவருடைய துறை என்ன. மீன் நிபுணர் நத்தைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

"கடைசியா முடிவு பண்றது யாரு? பேராக்கா, புத்ராஜெயாவா?"

இரண்டும், அதுதான் குழப்பம். நிலமும் காடும் அரசியலமைப்பின்படி மாநிலத்தின் கையில். கல் எடுக்கும் அனுமதி நிலச் சட்டத்தின் கீழ் மாநிலம் தருவது. சுற்றுச்சூழல் அறிக்கையை ஏற்பதும் மறுப்பதும் கூட்டரசின் சுற்றுச்சூழல் துறை, நம் ஆட்கள் ஜாஸ் என்பார்களே, அதன் தலைமை இயக்குநர். வனவிலங்குப் பாதுகாப்பு இரு தரப்புக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெர்ஹிலித்தான் நடத்துகிறது. அறிக்கை ஒப்புதல் ஆனாலே குவாரிக்கு அனுமதி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை.

மாவட்டத்தின் ரஞ்சாங்கான் தெம்பாத்தானையும், அதாவது எந்த நிலம் எதற்கு என்று காட்டும் உள்ளூர்த் திட்டத்தையும், ஒரு தடவை பாருங்கள். குன்று அதில் சுற்றுச்சூழல் உணர்திறன் பகுதி, அதாவது கேசாஸ், என்று குறிக்கப்பட்டிருந்தால் நம் கடிதத்தில் முதல் வரியே அதுவாக இருக்கலாம்.

"குன்றடியில குகைக் கோயில் இருக்கு. அதையும் இதுல சேர்த்துக் கேக்கலாமா?"

கோயில் சமூகப் பாதிப்புப் பகுதியில் வரும், அங்கே தனியாகக் கேளுங்கள். வனவிலங்கோடு கலந்து எழுதினால் இரண்டுமே நீர்த்துப் போகும். ஒரே ஒரு இடத்தில் இரண்டும் தொடும்: கோயில் இருப்பதால் அந்தப் பக்கம் யாரும் வெட்டவில்லை, அதனாலேயே அங்கே மரமும் ஈரமும் மிஞ்சியிருக்கிறது. அதைச் சொல்லலாம். அதோடு, குகைக்குள் கற்பூரப் புகையும் ஒலிபெருக்கியும் வௌவாலுக்கு என்ன செய்கிறது என்று யாராவது திருப்பிக் கேட்டால் பதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்குகையை விட்டுவிட்டு முன்கூடத்தோடு பூசையை நிறுத்திக்கொள்வது நம்மால் முடியாத காரியம் இல்லை.

"எங்க வீட்டுக்காரர் அங்கதான் லாரி ஓட்டுறாரு. நான் கையெழுத்துப் போட்டா அவர் வேலை போயிடுமா?"

அக்கா, உங்கள் பயம் நியாயமானது. கையெழுத்துப் போடாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன், போட்டே ஆக வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். ஊர் மனுவில் பெயர் போட முடியாதவர்கள் வேறு விதமாக உதவலாம். எந்த மாதத்தில் வௌவால் அதிகம் பறக்கிறது, மலையாட்டை எந்தப் பக்கம் பார்த்தார்கள், ஓடை எப்போது வற்றியது என்ற தகவல் உங்களிடம் இருக்கும், அதைச் சொன்னாலே பாதி வேலை.

"குவாரியே வேண்டாம்" என்பதும் "பின்பக்கக் குகையை விடு" என்பதும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருக்கும் குழியில் இன்னும் எத்தனை வருடக் கல் இருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். அந்த எண்ணை முதலில் கேட்டால், வேலையா குன்றா என்ற சண்டை பல இடங்களில் தானாகவே சின்னதாகிவிடும்.

"ஆட்சேபம் எழுதினா படிப்பாங்களா? தமிழ்லேயே எழுதலாமா?"

மலாயில் எழுதுங்கள், ஆங்கிலமும் ஓடும். தமிழில் யோசித்து எழுதிக்கொண்டு, பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை விட்டு மலாயில் மாற்றிக்கொள்ளலாம். அறிக்கை எங்கே பார்வைக்கு இருக்கிறது, கருத்து எந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்பது அறிவிப்பிலேயே இருக்கும், தேதி தாண்டினால் எவ்வளவு நல்ல கடிதமும் வீண்.

ஒரே கடிதத்தை இருநூறு பேர் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போடுவதை விட, பத்துப் பேர் பத்து வெவ்வேறு விஷயம் எழுதுவது பலமானது. "இயற்கையைக் காப்போம்" என்று எழுதினால் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். இத்தனையாம் பக்கத்தில் வௌவால் கணக்கெடுப்பு இரண்டு இரவு மட்டும், குகை வரைபடம் இல்லை, நத்தை இல்லை, நிலத்தடி நீர் ஆய்வு இல்லை என்று பக்க எண்ணோடு எழுதினால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

"அனுமதி குடுத்துட்டா அவ்வளவுதானா?"

இல்லை. ஒப்புதலோடு நிபந்தனைகள் வரும், அவற்றை எப்படி நிறைவேற்றுவோம் என்று சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம் ஒன்றும் போட வேண்டும். இரவு லாரி கூடாது, குகையிலிருந்து இத்தனை மீட்டர் விட வேண்டும், வருடத்துக்கு இத்தனை முறை வௌவால் எண்ண வேண்டும் என்று அதில் இருந்தால், அதைக் கண்காணிக்க ஊரைவிட நல்ல ஆள் கிடையாது. நிபந்தனைப் பட்டியலின் நகலை எப்படியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிபந்தனை தெரியாமல் போன் அடித்தால் "புகார் பதிவு செய்யப்பட்டது" என்பதோடு நின்றுவிடும், எண்ணைச் சொல்லி அடித்தால் கேட்கிற தொனியே மாறும்.

"நான் போன்ல எடுத்த படம் எல்லாம் உதவுமா?"

ரொம்ப உதவும். தேதி, நேரம், இடம் மூன்றும் இருந்தால் மங்கலான படம்கூடப் போதும். எங்கள் குழு ஒரு மாதம் தேடியும் கிடைக்காத மலையாட்டைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற அண்ணன் ஒருவர் கைப்பேசியில் வைத்திருந்தார். படத்தின் அசலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இடத் தகவல் போய்விடும். எலும்பு, எச்சம், கால்தடம் என்றால் பக்கத்தில் ஒரு பேனாவையோ காசையோ வைத்து எடுங்கள், அளவு தெரியும்.

மலையாடு, அபூர்வ ஆர்க்கிட், குகைச் சிலந்தி இவற்றின் இடத்தை முகநூலில் போடாதீர்கள், வேட்டைக்காரர்களும் செடி திருடுபவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். ஆய்வுக் குழுவுக்கோ பெர்ஹிலித்தானுக்கோ நேராக அனுப்புங்கள். வெடி வைக்கும் பகுதிக்குள் படம் எடுக்க நுழையாதீர்கள், சிவப்புக் கொடிக்கு வெளியே நின்றாலே குகை வாய் நன்றாகத் தெரியும், மாலை ஏழு மணிக்கு மேல் போனால் வௌவால் கிளம்புவதையும் பார்க்கலாம்.